பெரியம்மாவின் இடது காது

"நேத்து விருந்துக்கு எத்தனை பேர் வந்தாங்க, சொல்லு பாப்போம்."

"இருபத்திமூணு பேரும்மா. அதுல ரெண்டு பேர் சாப்பிடாமலே போயிட்டாங்க."

"யாரு அந்த ரெண்டு பேர்?"

"மூக்குக்கண்ணாடி போட்ட வக்கீலும் அவரு மச்சானும். படியேறும்போதே ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. வீட்டுப் பங்கு விஷயம்னு வண்டிக்காரர் சொன்னாரு."

"வக்கீலுக்கு மச்சம் எந்தப் பக்கம்?"

"மச்சம் அவருக்கு இல்லம்மா, மச்சானுக்கு. இடது புருவத்துக்கு மேல."

அந்த வீட்டு எஜமானியான பெரியம்மா எழுந்து போய் அறைக்கதவைத் தாழிட்டார். எதிரே நின்றவளுக்கு அப்போது பதினெட்டு வயது. துணிகளுக்குக் கஞ்சி போடும் அறையிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். எதையோ கருக்கிவிட்டோம், அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பயந்துகொண்டே வந்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். எனக்கு முகம் நிக்காதுடி."

"புரியலம்மா."

"கண்ணு நல்லாத்தான் தெரியும். ஊசியில நூல் கோக்கறேன். மூக்கு தெரியுது, வாய் தெரியுது, எல்லாம் சேர்ந்து அது யாருன்னு மட்டும் தெரியாது. பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான். இப்ப நீ வெளிய போயிட்டு வேற உடுப்புல திரும்பி வந்தா, நீ யாருன்னு எனக்குத் தெரியாது."

"இப்ப எப்படித் தெரிஞ்சுதும்மா?"

"உன் மேல கஞ்சி வாசனை." பெரியம்மா சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து விருந்து சமயத்துல நீ என் பின்னால நில்லு. இடது பக்கம். யார் வந்தாலும் என் காதுல சொல்லு. வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது."

"சொல்ல மாட்டேன்மா."

"நாளைக்கு உனக்கு ஒரு புருஷன் வருவான். அவன்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"எனக்கு யாரும்மா வரப்போறாங்க?"

"எவனாவது ஒரு கிறுக்கன் வருவான். சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்துகொடுத்தாள். பத்து வருடம் கழித்து அந்தக் கிறுக்கனாக வந்து நிற்கப்போவது பெரியம்மா பெற்ற ஒரே பிள்ளைதான் என்று அன்றைக்கு இருவருக்கும் தெரியாது.

அந்தப் பெரிய வீட்டில் மாதத்துக்கு நான்கு விருந்தாவது நடக்கும். மாடிப்படி முடியும் இடத்தில் பெரியம்மா நிற்பார். கீழே வண்டிகள் வந்து நிற்கும், விருந்தினர்கள் ஒவ்வொருவராகப் படியேறி வருவார்கள். அவர்கள் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் அவள் குனிந்து பெரியம்மாவின் தோளில் இருக்கும் சால்வையைச் சரிசெய்வாள். சால்வை எங்கேயும் நழுவியிருக்காது. சரிசெய்கிற சாக்கில் அவள் வாய் பெரியம்மாவின் இடது காதருகே போகும்.

"நீதிபதி சம்சாரம். மூட்டுவலி. பொண்ணுக்குக் குழந்தை பிறந்து நாப்பது நாள்."

"அடடா, வாங்க வாங்க! மூட்டுவலியோட இத்தனை படி ஏறி வரணுமா? பேரப்பிள்ளை எப்படி இருக்கான்?" என்பார் பெரியம்மா. நீதிபதியின் மனைவிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இந்தச் சேதிகளையெல்லாம் அவள் கொல்லைப்புறத்து வண்டிக்கொட்டகையில் சேகரித்தாள். எந்தக் குதிரை யார் வீட்டுக் குதிரை என்று அவளுக்குத் தெரியும். யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குப் பதவி உயர்வு, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் வண்டிக்காரர்களுக்கு அத்துப்படி. அவள் ஒரு குவளை தேநீரோடு போய் நின்றால் போதும், அவர்களே கொட்டிவிடுவார்கள். அவள் கேட்டுக்கொள்வாளே தவிர, பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதனால் சமையல்காரர் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தார். அந்த வீட்டிலேயே அதிகம் பேசுகிற ஆள் அவள்தான் என்பதும், அவ்வளவும் ஒரே ஒரு காதுக்குள் போகிறது என்பதும் பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

பெரியம்மாவின் பெயர் ஊரெல்லாம் பரவியது. ஒருமுறை பார்த்தவரை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார் என்றார்கள். இரண்டு வருடத்துக்குள் ஊரில் இருந்த மற்ற சீமாட்டிகளும் தோளில் சால்வை போட்டு, அதைச் சரிசெய்யப் பின்னால் ஒரு பெண்ணை நிறுத்திக்கொண்டார்கள். அதுதான் நாகரிகம் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெரியம்மாவின் தோள்கள் குலுங்கும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, நிஜமாகவே நழுவிவிட்ட சால்வையை இழுத்து விடுவாள்.

அவள் பின்னால் நிற்க ஆரம்பித்த ஏழாவது வருடம் பெரியம்மாவின் பிள்ளை, சின்னவர், படிப்பை முடித்துக்கொண்டு வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். கப்பல் கம்பெனியின் ஊர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. வீட்டுக்குள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் சீட்டியடித்துக்கொண்டே நுழைவார். சின்ன வயதில் அம்மா பழக்கிவிட்டது. "நீ சீட்டியடிச்சா எனக்குச் சந்தோஷமா இருக்குடா" என்று சொல்லியிருந்தாராம். முப்பது வயதாகியும் அம்மாவைச் சந்தோஷப்படுத்துவதை அவர் விடவில்லை.

ஒரு விருந்தில் அவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஊமை என்று பெயர் வாங்கியவளின் உதடுகள் விடாமல் அசைவதை அவர் ஒருவர்தான் கவனித்தார்.

"எங்கம்மா காதுல என்ன சொல்லிட்டே இருக்கே?" என்று மறுநாள் கேட்டார்.

"சால்வை நழுவுதுன்னு சொன்னேங்க."

"அதைச் சொல்ல இவ்ளோ நேரமா?"

"பெரிய சால்வைங்க."

அதற்குப் பிறகு சின்னவரின் சட்டைப் பொத்தான்கள் ஏனோ ஒவ்வொன்றாக அறுந்து விழ ஆரம்பித்தன. அறுந்த பொத்தானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இஸ்திரி அறை வாசலில் சீட்டியடித்தபடி வந்து நிற்பார். ஒரே மாதத்தில் பதினொரு பொத்தான்.

"சட்டையைப் போட்டுக்கறீங்களா, மென்னு திங்கறீங்களா?" என்று அவள் பன்னிரண்டாவது பொத்தானுக்குக் கேட்டுவிட்டாள். அன்றைக்குச் சின்னவர் சிரித்த சிரிப்பில், இஸ்திரிப்பெட்டியை எடுக்க மறந்து ஒரு மேஜைத்துணியைக் கருக்கினாள். அத்தனை வருடத்தில் அவள் கருக்கிய முதல் துணி அது.

கல்யாணம் பண்ணிக்கொண்டால் அவளைத்தான் என்று சின்னவர் அம்மாவிடம் போய் நின்றபோது, பெரியம்மாவின் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "ஐயோ!"

அது எந்த 'ஐயோ' என்று அவளுக்கு மட்டும் புரிந்தது. மருமகளாகிவிட்டால் அவள் பின்னால் நிற்க முடியாதே என்ற 'ஐயோ' அது. சின்னவருக்கு வேறு மாதிரிப் பட்டது. ஒரு வேலைக்காரியா என்று அம்மா பதறுவதாக எடுத்துக்கொண்டார். பெரியம்மா மறுவார்த்தை பேசாமல் சம்மதம் சொன்ன பிறகும் அந்த 'ஐயோ' அவர் மனதில் முள்ளாக நின்றுவிட்டது. அதனால் குடும்பத்தார் எல்லோர் முன்னாலும் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்.

"இனிமே அவ யார் பின்னாலயும் நிக்கக்கூடாது. நீங்க அவகிட்ட ஒரு வேலையும் சொல்லக்கூடாது. ஒரு தம்ளர் தண்ணிகூட."

"சரிடா, சொல்லல" என்றார் பெரியம்மா.

கல்யாணத்தன்று காலையில் அவளுக்கு முத்து வைத்துத் தைத்த வெள்ளை உடையைப் போட்டு, தலையை உயரமாக முடிந்து, கழுத்து நிறைய நகை பூட்டினார்கள். கஞ்சி வாசனை போய் ரோஜா அத்தர் மணத்தது. மாடி அறையை விட்டு வெளியே வந்தவளைப் பெரியம்மா நடைவழியில் எதிர்கொண்டார். கைகூப்பினார்.

"வாங்க வாங்க! அந்தப் பக்கத்துலேர்ந்துதானே வர்றீங்க, பொண்ணு தயாராயிட்டாளா?"

அவள் சட்டென்று நெருங்கிப் போய், "நான்தாம்மா" என்று காதில் சொன்னாள்.

"அடிப்பாவி!" என்று பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அந்தக் கும்பிடையும் திருப்பிக்கொண்ட முகத்தையும் மட்டும் பார்த்த ஒருவர் நடைவழியின் மறுகோடியில் இருந்தார். பெரியம்மாவின் நாத்தனார். சின்னவருக்கு அத்தை. பாதி வருடத்தை இந்த வீட்டில் கழிப்பவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கத் தெரியாத மனுஷி. மதியச் சாப்பாட்டுக்குள் அந்தச் சேதிக்குக் கை கால் முளைத்துவிட்டது. மாமியார் மருமகள் முகத்தில் விழிக்கவே இல்லையாம், மூன்றாம் மனுஷி மாதிரி கும்பிடு போட்டாராம், அப்படியே திரும்பிப் போய்விட்டாராம்.

அன்றைய வரவேற்பில் பெரியம்மா தனியாகத்தான் நின்றார். புதிதாக வந்த வேலைக்காரப் பெண் சால்வையைச் சரிசெய்யத்தான் செய்தாள். ஆனால் அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மணமகளாக மேடையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தூரத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. கல்யாணமே ஆகாத டாக்டரிடம், "உங்க சம்சாரத்துக்கு இப்ப எத்தனை மாசம்?" என்றார் பெரியம்மா. பாங்குக்காரரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் போனது உங்களுக்கு மட்டுமா இழப்பு?" என்று கண்கலங்கினார். பாங்குக்காரர் இரண்டு படி கீழே நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேடையில் மணமகள் தவியாய்த் தவித்தாள். வாய்வரை வந்தது. ஆனால் அங்கிருந்து அந்தக் காதுக்கு நாற்பது அடி தூரம்.

கல்யாணத்துக்குப் பிறகு பெரியம்மா அவளோடு பழைய மாதிரி பேசுவதில்லை. பேசினால் பழைய பழக்கத்தில் ஏதாவது கேட்டுவிடுவோமோ என்று பயந்திருக்கலாம். அப்படித்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனாலும் மனதின் ஒரு மூலையில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. இந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது நானா, என் வாயும் கண்ணும் மட்டுமா? வேலைக்காரியாக இருந்தபோது கிடைத்த பிரியம் மருமகளான பிறகு எங்கே போயிற்று?

கேட்கத்தான் முடியவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். தினமும் மஞ்சள் உடை போட ஆரம்பித்தாள். இளமஞ்சள், குங்குமப்பூ மஞ்சள், எலுமிச்சை மஞ்சள் என்று மூன்று உடைகள். மாற்றி மாற்றி அவற்றையே போட்டாள். நடைவழி இருட்டில்கூட அந்த நிறம் பளிச்சென்று தெரியும். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே பெரியம்மாவுக்கு அது புரிந்தது. மஞ்சளைக் கண்டால் போதும், "வாம்மா" என்பார்.

"பொறந்த புத்தி எங்க போகும்? வேலைக்காரிங்களுக்கு ஒரே சீருடைதானே பழக்கம்" என்றார் அத்தைக்காரி.

சமையல்காரர் மட்டும் அவள் பக்கம். "நீங்க கவலைப்படாதீங்க கோட்டா... சின்னம்மா" என்பார். அவர் நாக்குக்கு அந்தப் பெயர் மாற இன்னும் ஆறு மாதம் ஆகும்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. பிறகு நீதிபதி வீட்டில் ஒரு பாட்டுக் கச்சேரி. அங்கே நீதிபதியின் மகளும் மஞ்சளில் வந்துவிட்டாள். கூட்டத்தில் பெரியம்மா நேரே அந்த மஞ்சளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கச்சேரி முடியும்வரை விடவில்லை. அந்தப் பெண்ணும் பெரிய வீட்டு அம்மாவுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். சொந்த மருமகள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். சின்னவர் அதைப் பார்த்தார்.

"இத்தனை நாள் அத்தை சொன்னதை நான் நம்பல. இன்னிக்கு என் கண்ணால பாத்தேன்" என்றார் வீடு திரும்பியதும்.

"நீங்க நினைக்கற மாதிரி இல்லைங்க."

"பின்ன வேற எப்படி? சொல்லு."

உனக்கு ஒரு புருஷன் வருவான், அவனிடமும் மூச்சு விடக்கூடாது. அன்றைய சத்தியம் குறுக்கே நின்றது. ஏன் பெற்ற பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லக்கூடாது என்று முன்பு ஒருநாள் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "பெத்தவளுக்குத் தன் முகமே ஞாபகத்துல நிக்கலன்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு நோகாது?" என்றார் பெரியம்மா. அதற்குமேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

சின்னவர் தானே கேட்டு, கடற்கரை ஊர் அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கினார். போக ஒரு நாள் பயணம். வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால் பெரிய விஷயம். அம்மாவிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பெரியம்மா, "அப்படியா? நல்ல ஊரு. காத்து நல்லா வரும்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் சீட்டிச் சத்தம் கேட்கவில்லை.

புறப்படுகிற நாளில் மதிய விருந்து. முப்பது பேருக்கு அழைப்பு. பெட்டிகளெல்லாம் காலையிலேயே வண்டியில் ஏறிவிட்டன. மூன்று மஞ்சளில் இரண்டு பெட்டிக்குள் போயாயிற்று, எலுமிச்சை மஞ்சள் அவள் உடம்பில் இருந்தது.

காலையில் சின்னவருக்கு முடிவெட்ட நாவிதர் வந்தார். பயணம் போகிறவருக்கு மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். இடது பக்கம் கொஞ்சம் கூடிப்போயிற்று. அதற்குச் சமமாக வலது பக்கத்தைக் குறைத்தார். பிறகு அதற்குச் சமமாக இடதை. கடைசியில் சமம் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கண்ணாடி பார்த்த சின்னவர் மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்தார்.

"என்னங்க இது, வெளையாத வயல் மாதிரி இருக்கு!" என்று அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சிரிக்காதே. ஏற்கெனவே எனக்கு மனசு சரியில்ல" என்றார் அவர். புது அலுவலகத்தின் நீலச் சீருடைக் கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டார்.

விருந்தினர் வர ஆரம்பிக்கும் நேரம். சமையலறை வாசலில் கடைசியாக ஒருமுறை எட்டிப்பார்க்கப் போனவள்மேல், அண்டாவோடு திரும்பிய சமையல்காரர் மோதினார். இறைச்சிக் குழம்பு தோளிலிருந்து பாதம்வரை வழிந்தது.

"ஐயோ கோட்டான்!" என்று கத்திவிட்டு, "சின்னம்மா!" என்று திருத்திக்கொண்டு, பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்.

மாற்று உடை எல்லாம் வண்டியில், கயிற்றால் இறுகக் கட்டிய பெட்டிகளுக்குள். அத்தைக்காரி முணுமுணுத்துக்கொண்டே தன்னுடைய கருநீல உடை ஒன்றைக் கொடுத்தார். கழுத்துவரை மூடிய உடை. குழம்பு தலையிலும் தெறித்திருந்ததால் முடியைக் கழுவி வேறு விதமாக வாரிக் கட்டவேண்டியதாயிற்று. கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே தன்னை அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மஞ்சள் இல்லை!

ஓடினாள். மாடிப்படியின் உச்சியில் பெரியம்மா நின்றிருந்தார். கை விருந்தினரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் கண் கூட்டத்துக்குள் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. என்ன நிறத்தைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் பெரியம்மாவின் முன்னால் போய் நின்றாள். அவளைத் தேடி வந்த சின்னவரும் பக்கத்தில் வந்து நின்றார். உம்மென்று, சீட்டி இல்லாமல், மீசை இல்லாமல்.

பெரியம்மா மலர்ந்து கைகூப்பினார்.

"வாங்க வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டே இருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தீங்களே, ரொம்ப சந்தோஷம்."

பக்கத்தில் நின்ற அத்தைக்காரிக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மருமகள் குனிந்து, 'நான்தாம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் ஓடி வந்தாள். அதற்குள் பெரியம்மா அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"என் மருமகளைப் பாத்தீங்களா? இன்னிக்கு ஊருக்குப் போறா. எலுமிச்சை மஞ்சள்ல இருப்பா, இப்பத்தான் இங்க இருந்தா. தேடிட்டே இருக்கேன்."

பத்து வருடமாக அந்தக் காதுக்கு ஒரு நொடி தாமதிக்காமல் சேதி சொன்னவள், வாழ்க்கையில் முதல்முறையாக வாயைத் திறக்கவில்லை. தப்புதான். ஆனால் அடுத்து வரப்போகும் வார்த்தை அவளுக்கு வேண்டியிருந்தது.

"மாமியார் வாயால சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். அவளை மாதிரி ஒருத்தி எந்த வீட்டுக்கும் வாய்க்கமாட்டா. கூட்டமெல்லாம் போனதும் என் செருப்பைக் கழட்டிவிட்டு என் பக்கத்துல உக்காந்து, வந்தவங்க ஒவ்வொருத்தர் மாதிரியும் நடிச்சுக் காட்டுவா பாருங்க. சிரிச்சு சிரிச்சு எனக்கு விலா நோகும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அது இல்ல. மருமகளைக் கூப்பிட்டு எனக்கு நடிச்சுக் காட்டுன்னு சொல்ல முடியுமா? பிள்ளைக்கு வேற வாக்கு கொடுத்துட்டேன்." பெரியம்மா குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் கூடத்தின் பாதிவரை கேட்கும். "அவ போனா எனக்கு ரெண்டு கண்ணும் போன மாதிரி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பிறகு சின்னவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரா? நல்ல உயரம். என் பையனும் இதே உயரம்தான். ஆனா அவன் மீசை வச்சிருப்பான், கம்பீரமா இருக்கும்."

படியில் நின்றிருந்த டாக்டர் இருமினார். நீதிபதியின் மனைவி கணவரைப் பார்த்தார். சின்னவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டடி தூரத்தில், தன்னையே நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கண்களில் கோபம் இல்லை, நடிப்பு இல்லை. விருந்தாளிக்குக் காட்டும் அன்பு மட்டும் இருந்தது. சின்னவரின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லப் புரள்வதை அவள் பார்த்தாள். முப்பது வருடத்துச் சீட்டிச் சத்தமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவர் காதில் ஒலித்திருக்க வேண்டும்.

அவர் உதட்டைக் குவித்தார். மீசையில்லாத உதட்டில் முதலில் காற்றுதான் வந்தது. பிறகு சீட்டி வந்தது. வீட்டுக்குள் நுழையும்போது அடிக்கிற அதே நாலு சுரம்.

பெரியம்மாவின் கை அவள் கைக்குள் விறைத்தது. கண்கள் சின்னவரின் முகத்தில் அங்குமிங்கும் ஓடி, பிறகு மெதுவாக இவள் பக்கம் திரும்பின.

"அப்ப... நீ?"

"நான்தாம்மா" என்றாள் அவள். காதில் சொல்லவில்லை, முகத்துக்கு நேரே சொன்னாள். "மஞ்சள்ல குழம்பு கொட்டிடுச்சு."

அத்தைக்காரிதான் முந்திக்கொண்டார். "என்ன அண்ணி இது! பெத்த பிள்ளையையே தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல" என்றார் பெரியம்மா.

சொன்ன பிறகு அந்த வார்த்தை எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பவர்போல நின்றார். ஒன்றும் இடிந்து விழவில்லை. அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று எல்லோரும் பதறினார்கள். இவளுக்குத் தெரியும், அது எந்தக் குலுங்கல் என்று. அடுத்த நொடி பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். சால்வை நிஜமாகவே நழுவிக் கீழே விழுந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"தெரியாது நாத்தனாரே! உங்களையே அந்த வளையல் சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் என் மாமனாரைக் கணக்குப்பிள்ளைன்னு நினைச்சு, பெட்டியைத் தூக்கிட்டு மேல வாங்கன்னேன். திமிர் பிடிச்சவன்னு பேர் வந்துச்சு. அன்னிலேர்ந்து ஒளிச்சு ஒளிச்சு வச்சிருக்கேன். இவதான் பத்து வருஷமா எனக்கு யார் யாருன்னு சொல்லிட்டிருந்தா."

"அதனாலதான் என்னைச் சீட்டியடிக்கச் சொன்னீங்களாம்மா?" சின்னவரின் குரல் உடைந்திருந்தது.

"நீ வர்றேன்னு முன்கூட்டியே தெரியணும்ல? ஆனா கேக்கும்போதெல்லாம் சந்தோஷமாத்தான்டா இருந்துச்சு. அது பொய் இல்ல." பெரியம்மா அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "மீசையை என்னடா பண்ணே?"

"நாவிதரைக் கேளுங்க" என்றார் சின்னவர். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "உனக்கு இது தெரியும். என்கிட்ட சொல்லல."

"சத்தியம் பண்ணியிருந்தேங்க. எவனாவது ஒரு கிறுக்கன் வருவான், அவன்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு."

"கிறுக்கனா?"

"உங்கம்மா சொன்னதுங்க. நான் சொல்லல."

அதுவரை வந்து சேர்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். பாங்குக்காரர் கீழ்ப்படியிலிருந்து, "அப்ப நான் செத்துப்போகலையே அம்மா?" என்று குரல் கொடுத்தார். கூடமே அதிர்ந்தது. பின்னால் கரண்டியோடு வந்து நின்ற சமையல்காரர் மட்டும், "கோட்டான் பேசிச்சா? பத்து வருஷமா பேசிச்சா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியது. வாசலில் கட்டிய பெட்டிகளோடு வண்டி நின்றுகொண்டிருந்தது. குதிரை ஒன்று குளம்பைத் தட்டியது. சின்னவர் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றினார். முடிவை இரண்டு பெண்களிடமும் விட்டுவிட்டார் என்று தோன்றியது.

பெரியம்மா அவள் கையை இன்னும் விடவில்லை. மூன்று மாதமாக நடைவழியிலும் சாப்பாட்டு மேஜையிலும் அந்த வாய்வரை வந்து திரும்பிப் போன ஒன்று இருந்தது. மருமகளுக்கு அது தெரியும். பத்து வருடம் அந்த முகத்தின் பக்கத்திலேயே நின்றவள் அவள். ஆனால் அதைத் தானாக எடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. அந்த அம்மா வாயால் கேட்க வேண்டும்.

"நான் உனக்குக் கொடுத்த வாக்கை மீறப்போறேன்டா" என்றார் பெரியம்மா பிள்ளையைப் பார்க்காமலே. பிறகு அவளை இழுத்துத் தனக்குச் சரிசமமாக, தோளோடு தோள் இடிக்க நிறுத்திக்கொண்டார். படியில் அடுத்து ஏறிக்கொண்டிருந்த தம்பதி பாதியில் நின்று மேலே பார்த்தார்கள்.

"போகாதேம்மா. என்கூடவே இரு. இதோ மேல வர்றாங்களே, இவங்கெல்லாம் யாரு? காதுல வேண்டாம், எல்லாருக்கும் கேக்கற மாதிரி எனக்குச் சொல்லேன்."